ரப்பெட் கவருக்கு ரிங்கிள் பெயின்ற்: வன்னி வெயிலில், வீட்டு முற்றத்தில்

பொனெற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எஞ்சினின் தலையில் கிடக்கும் ரப்பெட் கவர்தான். 1950களில் ஃபெராரி ஓடவிட்ட டெஸ்டா ரோசா பந்தயக் கார்களுக்குப் பெயர் வந்ததே அந்த மூடிக்குப் பூசிய சிவப்பால்தான். இத்தாலிய மொழியில் அது 'சிவந்த தலை'. 1990களில் ஹொண்டா கொண்டுவந்த ரைப் ஆர் கார்களுக்கும் சிவப்பு மூடிதான் அடையாளம். இப்படியான மூடிகளைக் கிட்டப் போய்த் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இராது. கிழவியின் கைத்தோல் போலச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஓடும். ரிங்கிள் பெயின்ற் என்னும் சுருக்கப் பெயின்ற் தருவது அது. அந்தச் சுருக்கம் வார்ப்பிலுள்ள குறைகளை மறைக்கும், வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசாது, எண்ணெய்க் கை பட்டாலும் உடனே தெரியாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில், கையிலுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்காமல் போற்றி வைத்திருக்கும் பொடியள் எனக்குத் தெரிந்தே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பலர். என் அக்காவின் மகனும் அதில் ஒருவன். அவனுடைய இரட்டைக் காம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எஞ்சினின் மூடி கிரவல் புழுதியும் பழைய ஒயிலும் சேர்ந்து கறுத்து, பெயின்ற் செதில் செதிலாக உரிந்துபோய் இருந்தது. கழற்றிக்கொண்டு வந்து என் முற்றத்தில் வைத்தான். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் அதைச் சரியாகச் செய்து முடித்தோம். அந்த மூன்று முறையில் படித்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

சுருக்கம் எப்படி விழுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பிறே ரின்னைக் கையில் எடுக்க வேண்டாம். ரிங்கிள் பெயின்ற் மேலிருந்து கீழாகக் காயும். மேல்தோல் காற்றுப்பட்டு முதலில் இறுகிவிடும்; கீழே இன்னும் ஈரமாக, இளக்கமாக இருக்கும். இறுகும் தோல் விரிந்து பரவப் பார்க்கிறது, பக்கத்தில் இடமில்லை, அதனால் மடிந்து சுருங்குகிறது. பனாட்டுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பனங்களியைப் பாயில் தடிப்பாக ஊற்றி வெயிலில் விட்டால் மேலே தோல் கட்டும், விரலால் தள்ளினால் அந்தத் தோல் சுருங்கி நகரும், அடியில் களி ஈரமாகவே கிடக்கும். மெல்லிசாகப் பூசினால் முழுதும் ஒன்றாகக் காய்ந்துவிடும், தோல் என்று தனியே ஒன்று வராது.

நான் முதல் முறை தோற்றது இதனால்தான். மோட்டார் சைக்கிள் தாங்கிக்கு அடித்துப் பழகிய கை. வடியக்கூடாது என்று பயந்து மெல்லிசாக நாலு பூச்சு அடித்தேன். அழகான, வழவழப்பான சிவப்பு மூடி கிடைத்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. மற்றப் பெயின்ற்களில் கெட்ட பழக்கமான தடிப்புப் பூச்சு இங்கே கட்டாயம். தடிப்பும் சூடும்தான் சுருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. தடிப்புக் கூடினால் சுருக்கம் பெரிசாகும். ஒரே மூடியில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெல்லிசு என்றால் சுருக்கமும் அப்படியே திட்டுத் திட்டாக விழும்.

என்னென்ன வேண்டும்

ரிங்கிள் பெயின்ற் என்று ரின்னில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வி.எச்.ரி. போன்ற நிறுவனங்களின் ரின்கள் ஏறத்தாழ 175 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று குறித்திருப்பார்கள். ரப்பெட் கவருக்கு அது தாராளம். எக்சோஸ்ற் பக்கத்துத் தகட்டுக்கு இதை அடிக்காதீர்கள், அங்கே சூடு இதைவிட எவ்வளவோ கூட. ஊர்க் கடையில் இல்லாவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடச் சொல்லி, அங்கே போகிறவர்களிடம் சொல்லி விடுங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டாம். தீப்பற்றும் ஸ்பிறே பெயின்ற்றை விமானப் பயணப் பொதியில் கொண்டுவர அனுமதி இல்லை; விமான நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். நாலு சிலிண்டர் மூடி ஒன்றுக்கு ஒரு ரின் போதும்போலத் தெரியும். இரண்டு வாங்குங்கள். மூன்றாவது பூச்சின் நடுவில் ரின் தீர்ந்தால் அத்தனை வேலையும் வீண்.

இவற்றோடு பெயின்ற் உரிக்கும் மருந்து, பிரேக் கிளீனர், பித்தளை பிரஸ், 180, 320, 600 இலக்க சாண்ட்பேப்பர், நல்ல மாஸ்கிங் ரேப், அலுமினியத்தில் பிடிக்கும் எட்ச் பிறைமர் (அடிப்பூச்சு), புதிய கஸ்கற் (ஒயில் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் பட்டி), பெயின்ற் ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி, ரப்பர் கையுறை, கண்ணாடி, ஒரு வெப்பமானி. பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் 2 லீற்றரும் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூடி என்ன உலோகம்

பிளாஸ்ரிக் மூடி என்றால் இந்த வேலை வேண்டாம், சூட்டில் நெளிந்துவிடும். உலோக மூடி என்றால் அது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. ஆனால் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பாரம் குறைக்க மக்னீசியத்தில் வார்த்திருப்பார்கள். உள்பக்கம் மறைவான ஓரிடத்தைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். பொங்கி நுரைத்தால் மக்னீசியம். அந்த மூடியைக் கிரைண்டரில் வைக்காதீர்கள், மெஷினால் தேய்க்காதீர்கள். மக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும், பற்றிய பிறகு தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாக எரியும். கையால், ஈரமாக மட்டும் தேய்த்து, வந்த கழிவை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். மருமகனின் மூடியில் துளி அசையாமல் நின்றது, அலுமினியம்தான்.

கழற்றலும் கழுவலும்

எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். பிளக் வயர், குழாய்கள் எது எங்கே இருந்தது என்று கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்து வையுங்கள். மூடியைச் சுற்றிக் கிடக்கும் மண்ணைக் கழற்ற முதலே காற்றால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது அது நேரே காமுக்குள் விழும். தூக்கியதும் எஞ்சினின் தலையைச் சுத்தமான துணியால் மூடி, அதற்கு மேல் பிளாஸ்ரிக் தாளைக் கட்டுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் ஒரு மணித்தியாலம் திறந்து கிடந்தாலே போதும்.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான இடம். மூடியைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு தகடு ஆணியடித்தோ திருகியோ பொருத்தியிருக்கும். ஒயில் ஆவியைத் தடுக்கும் அறை அது. அதற்குள் போன மணலும் தூளும் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. பிறகு எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலில் இறங்கி பெயரிங்கைத் தின்றுவிடும். அதனால் மணல் அடித்துப் பெயின்ற் உரிப்பதற்கு இந்த மூடியைக் கொடுக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆக்கித் தருகிறோம் என்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்ற முடியாவிட்டால் எந்தத் தூளும் உள்ளே போகாத வழியைத்தான் பார்க்க வேண்டும்.

அலுமினியத்தில் கோஸ்ரிக் சோடாவும் வேண்டாம். பழைய கராச்களில் இரும்புச் சாமான்களை அதில் ஊறப்போடுவார்கள், இரும்புக்குச் சரி. அலுமினியத்தை அது கரைத்தே தின்னும், தீப்பிடிக்கும் வாயுவும் கிளம்பும்.

மண்ணெண்ணெயும் பிரஸும் கொண்டு முதல் அழுக்கை எடுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. எஞ்சின் சாமான்களை அதில் கழுவும் கைப்பழக்கம் எங்கள் மெக்கானிக்மாரிடம் இன்றும் உண்டு. ஆனால் மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஓர் எண்ணெய்ப் படையை விட்டுப் போகும், அதோடு நிறுத்தினால் பெயின்ற் பிடிக்காது. அடுத்து உரிக்கும் மருந்தைத் தடிப்பாகப் பூசி, பிளாஸ்ரிக் தாளால் மூடி 20 நிமிடம் விடுங்கள். தொழிற்சாலைப் பெயின்ற் ஒரு தடவையில் வராது, இரண்டு மூன்று தடவை வேண்டும். மூலை முடுக்குகளுக்குப் பித்தளை பிரஸ். இரும்பு வயர் சக்கரம் மென்மையான அலுமினியத்தைக் கோடு கோடாகக் கிழிக்கும். கஸ்கற் உட்காரும் தட்டையான விளிம்பை எதனாலும் சுரண்ட வேண்டாம், அங்கே ஒரு கீறல் விழுந்தால் பிறகு ஒயில் கசியும்.

அப்புறம் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும். அதையும் இரண்டு முறை செய்யுங்கள். கடைசியாக அலசும்போது கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம்முடைய பகுதிகளில் பல கிணறுகளில் கல்லுத்தண்ணீர்தான். கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படை மூடியிலும் படியும், அதன் மேல் அடித்த பெயின்ற் அதோடு சேர்ந்தே கழரும். நான் இரண்டாம் முறை தோற்றது இதனால். சுருக்கமெல்லாம் வடிவாக விழுந்து, மூன்றாம் கிழமை ஒரு மூலையில் பூப்போலக் கழன்று வந்தது. வடித்த தண்ணீர் அல்லது துணியில் வடித்த மழைத்தண்ணீரால் அலசி, வெயிலில் காயவைத்து, கடைசியில் பிரேக் கிளீனர் அடித்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கை அந்த உலோகத்தில் படக்கூடாது.

ரேப் ஒட்டலும் பிறைமரும்

கஸ்கற் விளிம்பு, ஒயில் ஊற்றும் வாய், பிளக் குழிகள், குழாய் வாய்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். திருகுத் துளைகளுக்குப் பழைய போல்ற்றையே திருகி விடலாம். ரேப்பின் விளிம்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் பெயின்ற் அடியில் ஊராது. பெயின்ற் அடிக்க முதல் 320 இலக்கத்தால் முழு மேற்பரப்பையும் லேசாக மங்கவைத்து, தூளைத் துடைத்து, எட்ச் பிறைமரை மெல்லிசாக ஒரு பூச்சு அடியுங்கள். தடிப்புப் பூச்சு என்று சொன்னது ரிங்கிளுக்கு மட்டும்.

பிறைமரும் ரிங்கிளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, வெறும் பால்மா ரின் ஒன்றின் மூடியில் முதலில் இரண்டையும் அடித்துப் பாருங்கள். எவ்வளவு தடிப்புக்கு எந்தச் சுருக்கம் என்று உங்கள் கைக்கும் அது படிப்பிக்கும். நான் இப்போது எந்த மூடிக்கும் முன்னால் மூன்று பால்மா மூடிகளாவது அடித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

எந்த நாள், எந்த நேரம்

மழைக்காலத்தில் ஈரக்காற்று, காய்வது தாமதம். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசினால் முற்றம் முழுதும் புழுதி. மாசியில் காலபோக அறுவடை. மெஷின் ஓடும் வயல் பக்கத்தில் இருந்தால் நெற்சுணை எல்லாம் உங்கள் மூடியில்தான் ஒட்டும். பங்குனிக் கடைசியும் சித்திரையும் நல்லது. காலை எட்டரை முதல் பத்துக்குள், காற்று எழும்ப முதல் அடித்து முடியுங்கள். அடிக்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அரை மணித்தியாலம் பொறுத்துத் தொடங்குங்கள். அடுப்பு, நுளம்புச்சுருள், பீடி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

வெயில் பெட்டி

வெளிநாட்டுக்காரர் இதற்கு மூடியை ஓவனில் வைத்துச் சுடுகிறார்கள். சமையல் ஓவனில் வைத்தால் பிறகு அதில் சாப்பாடு செய்யக்கூடாது. தெரிந்தவரின் பேக்கரிப் போறணையில் வைக்கலாமா என்று மருமகன் கேட்டான். பாண் சுடும் இடத்தில் பெயின்ற் ஆவியா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம்மிடம் வெயில் இருக்கிறது.

மூடியைவிடக் கொஞ்சம் பெரிய மட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து உட்புறம் முழுதும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். மேலே பழைய யன்னல் கண்ணாடி ஒன்று. பெட்டிக்குள் இரண்டு மரக்கட்டை, அவற்றின் மேல் மூடி. கண்ணாடிக்கும் பெட்டிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி கட்டாயம். ஆவி வெளியே போகவும், தோல் கட்டத் தேவையான காற்று உள்ளே வரவும் அதுதான் வழி. இடைவெளியில் நுளம்புவலைத் துண்டு ஒட்டினால் பூச்சியும் புழுதியும் வராது. சித்திரை மதியத்தில் என் பெட்டிக்குள் வெப்பமானி 80 பாகையைக் காட்டியது. பக்கத்தில் நெருப்பு இல்லை, மின்சாரம் நின்றாலும் கவலை இல்லை.

அடிக்கும் நேரம்

முதலில் மூடியை 20 நிமிடம் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்குங்கள். கையுறைக்கு மேலால் தொட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும், கை சுடக்கூடாது. பெயின்ற் ரின்னை ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள், 50 பாகைக்கு மேல் போனால் வெடிக்கும். நிழலில் வைத்து இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்.

நிழலுக்குக் கொண்டுவந்து, பக்கச் சுவர்களை முதலில் அடியுங்கள். செங்குத்தான இடம் என்பதால் அங்கே பெயின்ற் வழியும்; ஒரு பக்கத்தை மேலே பார்க்கும்படி சரித்து வைத்து அடித்து, ஒரு நிமிடம் விட்டு மற்றப் பக்கத்தைத் திருப்புங்கள். பிறகு மேற்பரப்பு. ரின்னை 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, முதல் பூச்சை நீளவாக்கில், ஒரு கோட்டின் பாதி மேல் அடுத்த கோடு ஏறும்படி. ஈரமாக மின்ன வேண்டும். 5 நிமிடம் பொறுத்து இரண்டாம் பூச்சு குறுக்குவாக்கில், இன்னும் தாராளமாக. இன்னொரு 5 நிமிடம். மூன்றாவது மூலைவாக்கில். திசை மாற்றுவது தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக வருவதற்கு. மூன்றாம் பூச்சு முடியும்போது 'ஐயோ, கூடிப்போச்சே' என்று மனம் சொல்லும். அந்த இடத்தில் மட்டும் மனதை நம்ப வேண்டாம்.

எழுத்துகளும் வரிகளும் எழும்பி நிற்கும் இடங்களில் பள்ளத்தில் பெயின்ற் தேங்கும். அங்கே கையை விரைவாக நகர்த்துங்கள்.

அடித்ததும் மெதுவாகத் தூக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு மூலையில் மினுக்கம் மங்கும், மெல்லிய வலை மாதிரி ஒன்று தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூடி முழுதும் ஓடும். மருமகன் கண்ணாடிக்கு முன்னால் குந்திக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. ஒரு பக்கம் மட்டும் வெயில் படுகிறது என்றால் பெட்டியை 10 நிமிடத்துக்கு ஒரு முறை திருப்புங்கள்.

ஓரிடம் மட்டும் வழவழப்பாக நின்றால் அங்கே தடிப்புப் போதாது. பெயின்ற் இன்னும் இளக்கமாக இருக்கும்போதே அந்த இடத்தில் இன்னொரு தடிப்புப் பூச்சு அடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கலாம். அடுத்த நாள் அந்த வேலை செய்யாதீர்கள். பாதி காய்ந்த பெயின்ற்றின் மேல் புதுப் பூச்சு பட்டால் அடியில் உள்ளதே கிளம்பி வரும். அப்படி ஆகிவிட்டால் முழுவதையும் உரித்துத்தான் தொடங்க வேண்டும்.

சுருக்கம் முழுதும் விழுந்து, தோல் விரலில் ஒட்டாத அளவுக்கு வந்ததும் ரேப்பை மெதுவாக உரியுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு உரித்தால் விளிம்பு பிய்ந்து வரும்.

எழுத்தைத் துலக்கல்

மூடியை இன்னும் இரண்டு நாள் பெட்டி வெயிலில் விடுங்கள். பிறகு தட்டையான மரத்துண்டில் 180 இலக்கத்தைச் சுற்றி, எழும்பி நிற்கும் எழுத்துகளின் தலையை மட்டும் தேயுங்கள். விரலால் பிடித்துத் தேய்த்தால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி சுருக்கத்தைக் கிழிக்கும். வெள்ளி உலோகம் தெரிந்ததும் 320, கடைசியில் 600. ஒரே திசையில் தேயுங்கள். சிவப்புக்கு நடுவில் அந்த வெள்ளி எழுத்து தெரியும்போதுதான் மூடி மூடியாகிறது. விரும்பினால் எழுத்தின் தலையில் மட்டும் சூடு தாங்கும் தெளிந்த வார்னிஷ் சிறு தூரிகையால் பூசலாம். நான் பூசுவதில்லை, வருடத்துக்கு ஒரு முறை 600 தாளால் இரண்டு இழுப்பு போதும்.

திரும்பப் பூட்டல்

ஒரு கிழமை விட்டுப் பூட்டினால் நல்லது. உட்புறத்தைத் திரும்பவும் காற்றால் ஊதி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். புதிய கஸ்கற், பிளக் குழிகளுக்குப் புதிய சீல். காம் முனைகளில் கஸ்கற் வளையும் மூலைகளில் சிலிக்கனை ஒரு பொட்டு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். போல்ற்றுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பல கார்களில் 6 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 நியூட்டன் மீற்றர்தான்; உங்கள் காரின் கைநூல் சொல்லும் அளவே முடிவு. மணிக்கட்டுப் பலம் போதும், தோளைக் கொடுத்தால் அலுமினியத் துளை போய்விடும்.

எஞ்சினை முதல் நாள் அரை மணித்தியாலம் நின்றபடி ஓட விடுங்கள். லேசாகப் பெயின்ற் மணம் வரும், மிஞ்சிய காய்ச்சலை எஞ்சின் சூடே முடித்துவிடும். மணம் நிற்கும்வரை யன்னலைத் திறந்து ஓட்டுங்கள். முதல் கிழமை முழுதும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் போல்ற்றை இறுக்க முதல் கஸ்கற் நழுவியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

சுருக்கத்துக்குள் புழுதி உட்காரத்தான் செய்யும், அதுவும் உள் வீதிகளில் ஓடினால். துணியால் துடைத்தால் நூல் சிக்கும். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஸும் எடுத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். மருமகனின் பொனெற்றுக்குள் ஒரு மூலையில் அதற்கென்றே ஒரு பிரஸ் எப்போதும் செருகியிருக்கும்.